வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கப் போகிறீர்களா? முதலில் அந்த டிகிரி சர்டிபிகேட்டை வெளியே எடுங்கள்

திருச்சியில் பி.ஏ. ஆங்கிலம் படித்தேன். சென்னையில் மூன்று வருடம் ஒரு பயிற்சி மையத்தில் பாடம் எடுத்துவிட்டு, 2022-ல் வியட்நாமின் டா நாங் நகரத்துக்கு ஆங்கில ஆசிரியையாகப் போனேன். வேலைக்கான நேர்காணல் நாற்பது நிமிடத்தில் முடிந்தது. அந்த வேலையைச் சட்டப்படி செய்வதற்கான காகிதங்களைத் தேற்ற மாதக் கணக்கில் ஆனது. ஊருக்குத் திரும்பிய பிறகு என்னைத் தேடி வரும் தம்பி தங்கைகள் எல்லோரும் நேர்காணலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். சம்பளம் எவ்வளவு, டெமோ வகுப்பு எப்படி எடுப்பது, உச்சரிப்பைப் பார்ப்பார்களா என்று. "டிகிரி சர்டிபிகேட் கையில் இருக்கிறதா?" என்று நான் திருப்பிக் கேட்டால், பாதிப் பேர் ப்ரொவிஷனல் இருக்கிறது என்பார்கள். மீதிப் பேர் லேமினேட் செய்து பத்திரமாக வைத்திருக்கிறோம் என்பார்கள். இரண்டுமே சிக்கல்தான்.

இந்தக் கட்டுரை அவர்களுக்காக. நான் பட்ட பாடு வியட்நாமில் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். மற்ற நாடுகளில் அலுவலகத்தின் பெயர் மாறும், வரிசை பெரும்பாலும் இதேதான்.

"டூரிஸ்ட் விசாவில் வாங்க, மத்ததை இங்கே பார்த்துக்கலாம்"

இந்த வாக்கியத்தை எந்த மொழி மையம் சொன்னாலும், எந்த ஏஜென்ட் சொன்னாலும், பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். வியட்நாம் 2023 ஆகஸ்ட் 15 முதல் 90 நாள் இ-விசா கொடுக்கிறது. அதை வாங்குவது எளிது. அந்த எளிமையைக் காட்டித்தான் வலை விரிக்கிறார்கள். வந்து வகுப்பெடுங்கள், விசா முடியும்போது எல்லையைத் தாண்டிப் போய்விட்டு மறுபடியும் வாருங்கள் என்பார்கள்.

அந்நாட்டின் 2022-ஆம் ஆண்டு 12-ஆம் எண் அரசாணைப்படி, பணி அனுமதி இல்லாமல் வேலை செய்யும் வெளிநாட்டவருக்கு ஒன்றரைக் கோடி முதல் இரண்டரைக் கோடி டாங் (வியட்நாம் நாணயம்) வரை அபராதம். நாட்டை விட்டு அனுப்பவும் முடியும். வேலை கொடுத்தவருக்கும் அபராதம் உண்டு, ஆனால் அவர் தன் ஊரில் தன் வீட்டில் இருப்பார். பெட்டி கட்ட வேண்டியது நீங்கள். சம்பளத்தை இழுத்தடித்தால் புகார் கொடுக்கக்கூட வழியிருக்காது. புகார் கொடுக்கப் போனால் முதல் கேள்வியே உங்கள் அனுமதி அட்டை எங்கே என்பதுதான்.

என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த பெண் ஒருத்தி இப்படி வந்து, ஏழு வாரச் சம்பளத்தை விட்டுவிட்டு ஊர் திரும்பினாள். அவளிடம் டிகிரி இருந்தது, திறமையும் இருந்தது. அந்த டிகிரியின் பின்பக்கம், அது அசல்தான் என்று சாட்சி சொல்லும் அரசு முத்திரை ஒன்றுகூட இல்லை.

எந்த நாட்டுக்கு எது

நாட்டை முடிவு செய்யாமல் காகித வேலையைத் தொடங்க வேண்டாம். ஒவ்வொரு நாடும் கேட்பது வேறு. சில நாடுகள் இந்தியப் பாஸ்போர்ட்டைப் பார்த்ததுமே கதவைப் பாதி சாத்திவிடும். இதைப் பூசி மெழுகிச் சொல்வதில் பயனில்லை.

தென்கொரியா ஆங்கில ஆசிரியர்களுக்குத் தரும் இ-2 விசா அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் குடிமக்களுக்கானது. ஆனால் பலருக்குத் தெரியாத ஒரு சிறு வாசல் உண்டு. 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்தியா-கொரியா பொருளாதார ஒப்பந்தத்தில், இந்தியர்கள் அங்குள்ள பள்ளிகளில் துணை ஆங்கில ஆசிரியர்களாகப் போக இடம் வைத்திருக்கிறார்கள். பட்டத்தோடு ஆங்கிலத்தில் ஆசிரியர் தகுதியும் வேண்டும். அதனால் பி.எட். முடித்தவர்கள் இதைக் கேட்டுப் பார்க்கலாம். தனியார் டியூஷன் மையங்களுக்கு இந்த வழி உதவாது.

சீனாவில் மொழி ஆசிரியர் தன் தாய்மொழியைத்தான் கற்பிக்க வேண்டும் என்பது பொது விதி. அங்கே நம்மவர்களுக்கு வேலை தருகிறேன் என்பவரிடம், பணி அனுமதியில் என்ன பதவி எழுதுவீர்கள் என்று கேளுங்கள். பதவி ஒன்றும் செய்யும் வேலை வேறொன்றுமாக இருந்தால் அதுவும் சட்டமீறல்தான்.

ஜப்பான் பள்ளிகளில் கற்பிப்பதற்கான விசாவுக்கு, கற்பிக்கும் மொழியிலேயே பன்னிரண்டு ஆண்டுகள் படித்திருக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலவழியில் படித்தவர்கள் அதைப் பள்ளியிலிருந்து எழுதி வாங்கிவிடலாம். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இங்கே கணக்கு உதைக்கும். கல்லூரியில் ஆங்கிலவழியில் படித்த மூன்று வருடத்தோடு இன்னும் ஒன்பது வருடத்துக்கு எங்கே போவது? தனியார் மொழி மையங்களில் சேருவோர் வேறு வகை விசாவில் போகிறார்கள். அதில் பட்டம்தான் அடிப்படை.

தாய்லாந்தில் பள்ளி ஆசிரியர் என்றால் விசா, பணி அனுமதி இவற்றோடு, குருசபா எனப்படும் ஆசிரியர் மன்றத்தின் உரிமமோ தற்காலிக அனுமதியோ வேண்டும். வளைகுடா நாடுகளின் பள்ளிகளில் பி.எட். இல்லாமல் பெரும்பாலும் பேச்சே எழாது.

வியட்நாம் நடுவில் நிற்கிறது. அங்குள்ள மொழி மையங்களுக்கான 2018-ஆம் ஆண்டு விதிமுறையின்படி, ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத வெளிநாட்டவர் மூன்று காகிதங்களைக் காட்ட வேண்டும். ஒன்று கல்லூரிப் பட்டம், எந்தப் பாடமானாலும் பரவாயில்லை. இரண்டாவது மொழி கற்பிக்கும் பயிற்சிச் சான்றிதழ். மூன்றாவது, அவர்களுடைய ஆறு படி அளவுகோலில் ஐந்தாம் படிக்குக் குறையாத ஆங்கிலத் திறன் சான்று. ஐந்தாம் படி என்பது ஐரோப்பிய அளவில் சி1, ஐஇஎல்டிஎஸ் கணக்கில் 7 பக்கம். பி.இ. படித்துவிட்டு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கவா போகிறாய் என்று மாமா கேட்டால் கேட்கட்டும். விதி இடம் கொடுக்கிறது.

அலமாரியிலிருந்து தொடங்குங்கள்

கல்லூரி முடித்ததும் கையில் வருவது மார்க் ஷீட்டும் ப்ரொவிஷனலும். டிகிரி சர்டிபிகேட், அதாவது பட்டமளிப்பு விழாவில் தரும் அந்தப் பெரிய காகிதம், பிறகுதான் வரும். விழா ஒரு வருடம் தள்ளிப்போவதும் நம் பல்கலைக்கழகங்களில் புதிதில்லை. உள்ளூரில் வேலை செய்தால் ப்ரொவிஷனலை வைத்தே பத்து வருடம் ஓட்டிவிடலாம். வெளிநாட்டுப் பணி அனுமதிக்கு அசல் பட்டச் சான்றிதழ்தான் வேண்டும். விழாவுக்குப் போகாதவர்கள் வராதோர் பிரிவில் பணம் கட்டி வாங்கிக்கொள்ளலாம். தன்னாட்சிக் கல்லூரியில் படித்திருந்தால் மார்க் ஷீட் கல்லூரியின் பெயரிலும் பட்டம் பல்கலைக்கழகத்தின் பெயரிலும் இருக்கும். அதனால் எந்தத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் போய் நிற்க வேண்டும் என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். நான் தவறான கவுண்டரில் ஒரு நாள் முழுக்க நின்றேன்.

அடுத்தது லேமினேஷன். நம் வீடுகளில் பிள்ளைகளின் சான்றிதழ்மேல் உள்ள பாசம் பிளாஸ்டிக் உறையாகத்தான் வெளிப்படும். என் அப்பா என் பட்டத்தை வாங்கிய அன்றே கடைக்குக் கொண்டுபோய்ச் சூடாக ஒட்டி வந்துவிட்டார். ஆனால் அரசு முத்திரைகளும் ஸ்டிக்கரும் ஏற வேண்டிய இடம் சான்றிதழின் பின்பக்கம். பிளாஸ்டிக்மேல் யாரும் முத்திரை குத்த மாட்டார்கள். லேமினேஷனைப் பிரித்துத் தருகிறோம் என்று கடைகள் உண்டு. பழைய உறை என்றால் மை ஒட்டிக்கொண்டு வந்துவிடும் ஆபத்தும் உண்டு. எனக்கு ஓரம் மட்டும் கிழிந்தது, தப்பித்தேன். உங்களுடையது இன்னும் உறை காணாமல் இருந்தால் அப்படியே ஒரு கெட்டி ஃபைலில் வையுங்கள், அப்பா கையில் கொடுக்காதீர்கள்.

தொலைதூரக் கல்வியில் படித்தவர்கள், நேர்காணலின்போதே அதைச் சொல்லி, அந்நாட்டு அலுவலகம் ஏற்குமா என்று வேலை தருபவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முத்திரைகளுக்கெல்லாம் செலவழித்த பிறகு இதைக் கண்டுபிடிப்பது கொடுமை.

இனிஷியல் என்னும் தீராத வம்பு

எந்த நாட்டு வழிகாட்டியை எடுத்துப் படித்தாலும் இந்தப் பகுதி இருக்காது. தமிழர்களான நம் விண்ணப்பங்கள் அதிகம் முட்டி நிற்பது இங்கேதான்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பட்டத்தில் "முத்துலட்சுமி ஆ." என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதச் சொன்னதால், குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் ஆறுமுகம், பெயர் என்ற கட்டத்தில் முத்துலட்சுமி. கல்யாணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட் எடுத்தவர் என்றால் ஆறுமுகம் இருந்த இடத்தில் கணவர் செந்தில் வந்திருப்பார். ஹனோயிலோ டா நாங்கிலோ மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் அலுவலருக்கு முத்துலட்சுமி ஆ.வும், ஆறுமுகம் முத்துலட்சுமியும், செந்தில் முத்துலட்சுமியும் மூன்று தனித்தனிப் பெண்கள். அவர்மேல் குற்றமில்லை. அவருடைய ஊரில் பெயரின் ஒரு எழுத்து மாறினாலே ஆள் மாறிவிடுவார்.

எழுத்துக் கூட்டலும் இப்படித்தான். தமிழில் ஒரே பெயர். ஆங்கிலத்தில் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஒரு எச் இருக்கும், பட்டத்தில் அது காணாமல் போயிருக்கும். ழகரம் உள்ள பெயர்க்காரர்கள் இன்னும் பாவம். ஒன்றில் எல், இன்னொன்றில் இசட்-எச்.

என் யோசனை இதுதான். எல்லாக் காகிதங்களையும் மேசைமேல் பரப்பி, பெயர்களை ஒரு தாளில் எழுத்து எழுத்தாக எழுதுங்கள். பிறந்த தேதியையும் கூடவே ஒப்பிடுங்கள். எழுத்துப் பிழை சான்றிதழில் என்றால் பல்கலைக்கழகத்தில் திருத்தம் கேளுங்கள். அவர்கள் பத்தாம் வகுப்புச் சான்றிதழைத்தான் ஆதாரமாகக் கேட்பார்கள். அதிலேயே பிழை என்றால் அங்கிருந்து தொடங்க வேண்டும், மாதக் கணக்கில் ஆகும். பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. பட்டத்தில் உள்ள எழுத்துக் கூட்டலை அப்படியே வைத்து, இனிஷியலை மட்டும் விரித்து விண்ணப்பியுங்கள்.

இனிஷியல் விரிந்தது மட்டும்தான் வித்தியாசம் என்றால், இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரியிடம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் அது போதும். எனக்குப் போதவில்லை. அப்பா பெயர் உள்ள பிறப்புச் சான்றிதழையும் சேர்த்துக் காட்டிய பிறகுதான் நம்பினார்கள். கணவர் பெயர் சேர்ந்த பெண்களுக்குத் திருமணப் பதிவுச் சான்றிதழும் வேண்டும். பெயரையே மாற்றிக்கொண்டவர்களுக்கு அரசிதழ் அறிவிப்பு இல்லாமல் நடக்காது. எண் ஜோதிடம் பார்த்து ஒரு எழுத்தைக் கூட்டிக்கொண்டவர்களும் இந்த வரிசையில்தான் நிற்க வேண்டும்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பதும் தொல்லை. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் வருகை விசாவை நிறுத்தியது பலருக்கு நினைவிருக்கும். அந்த வழியாக விமானம் மாறிப் போகிறவர்கள்கூட அப்போது பதறினார்கள்.

முத்திரைச் சங்கிலி

பெயர் சரியாகிவிட்டதா? இனி அட்டெஸ்டேஷன், அதாவது சான்றொப்பம். இதன் தத்துவம் எளிது. வியட்நாம் அலுவலருக்கு உங்கள் பல்கலைக்கழகப் பதிவாளரின் கையெழுத்து தெரியாது. ஆகவே அவருக்குத் தெரிந்த ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு மாநில அரசு சாட்சி. மாநில அரசுக்கு மத்திய வெளியுறவு அமைச்சகம் சாட்சி. அமைச்சகத்துக்கு அந்நாட்டுத் தூதரகம் சாட்சி. சங்கிலியில் ஒரு கண்ணியைத் தாண்டிக் குதித்தால் அடுத்தவர் கையெழுத்துப் போட மாட்டார்.

தமிழ்நாட்டுப் பட்டம் என்றால் முதலில் பல்கலைக்கழகத்தில் உண்மைத்தன்மைச் சான்றிதழ் கேளுங்கள். அதிக நாள் இழுப்பது இந்தப் படிதான். எனக்கு இதற்கு மட்டும் ஐந்து வாரம். பிறகு சென்னைத் தலைமைச் செயலகத்தில் உயர்கல்வித் துறையின் கையொப்பம். வேறு மாநிலத்தில் படித்தவர்கள் அந்த மாநில அரசிடம் போக வேண்டும். நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பது கணக்கில்லை. பெங்களூரில் படித்த சேலத்துக்காரர் பெங்களூருக்குத்தான் போக வேண்டும்.

அடுத்து வெளியுறவு அமைச்சகம். 2019-க்கு முன் பெரும்பாலும் டெல்லிக்குத்தான் போக வேண்டியிருந்தது. இப்போது சென்னை உட்படப் பல ஊர்களில் இதைச் செய்கிறார்கள். நேரில் போய்க் கொடுக்க முடியாது, அமைச்சகம் நியமித்த சேகரிப்பு நிறுவனங்கள் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். அவற்றின் பட்டியல் அமைச்சகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. இ-சனத் என்ற இணைய வழியும் உண்டு. உங்கள் பல்கலைக்கழகம் அதில் சேர்ந்திருந்தால் அலைச்சல் பாதியாகும்.

இங்கே ஒரு கேள்வி வரும். அப்போஸ்டிலா, சாதாரண அட்டெஸ்டேஷனா? 1961-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு அப்போஸ்டில் என்ற ஒரே ஸ்டிக்கர் போதும், தூதரகத்துக்குப் போக வேண்டாம். இந்தியா 2005-லிருந்து அதில் இருக்கிறது. அரசுக் கட்டணம் ஒரு காகிதத்துக்கு 50 ரூபாய், அதோடு சேகரிப்பு நிறுவனத்தின் சிறு சேவைக் கட்டணம். ஜப்பானும் தென்கொரியாவும் உறுப்பினர்கள். சீனா 2023 நவம்பரில் சேர்ந்தது, ஆனால் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே அந்த உடன்படிக்கை செல்லாது. சீனா சேர்ந்துவிட்டது என்ற செய்தியை மட்டும் படித்துவிட்டு அப்போஸ்டில் வாங்கியவர்கள் தலையில் கைவைத்தார்கள். நான் போனபோது வியட்நாம் இதில் சேரவில்லை. அமைச்சகத்தின் சாதாரண முத்திரைக்குப் பிறகு டெல்லியிலுள்ள அதன் தூதரகத்திலும் முத்திரை வாங்கினேன். இந்தப் பட்டியல் மாறிக்கொண்டே இருப்பது. பணம் கட்டும் வாரத்தில் ஹேக் மாநாட்டின் இணையதளத்தில் நாட்டின் பெயரைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

ஏஜென்ட்கள் இன்னொரு குறுக்கு வழியும் சொல்வார்கள். மாநில அரசிடம் போகாமல், நோட்டரி கையெழுத்தோடு டெல்லியில் ஒரு எஸ்டிஎம் (உட்கோட்ட நீதித்துறை நடுவர்) முத்திரை வாங்கி அமைச்சகத்துக்கு அனுப்புவது. நாலே நாளில் முடியும் என்பார்கள். முடியும்தான். ஆனால் எஸ்டிஎம் சாட்சி சொல்வது நோட்டரி கையெழுத்துக்கு, உங்கள் பட்டத்துக்கு இல்லை. மாநில முத்திரை எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பும் தூதரகங்கள் உண்டு. அவசரம் என்றால் தூதரகத்திடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அவசரம் இல்லையென்றால் நேர்வழியில் போங்கள்.

பயிற்சிச் சான்றிதழ் எந்த மண்ணில் பிறந்தது?

டெஃப்ல், அதாவது ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சிச் சான்றிதழில் 120 மணி நேரம் என்பது எழுதாத அளவுகோல். இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது. கேம்பிரிட்ஜின் செல்டா போல, உண்மையான மாணவர்கள் முன் ஆறு மணி நேரம் பாடம் எடுக்க வைத்துத் தரும் சான்றிதழும் இருக்கிறது, விலை பல மடங்கு. வகுப்பறையையே பார்க்காதவர்களுக்கு நான் செல்டாவைச் சொல்வேன். ஏற்கெனவே பாடம் எடுப்பவர்களுக்கு மலிவான இணையப் பயிற்சியே காகிதத் தேவைக்குப் போதும்.

ஆனால் வாங்கும் முன் ஒன்றைப் பாருங்கள். ஒரு காகிதத்துக்கு முத்திரை கிடைப்பது அது பிறந்த நாட்டில். லண்டன் நிறுவனம் கொடுத்த சான்றிதழில் நம் வெளியுறவு அமைச்சகம் கை வைக்காது. அது பிரிட்டனில் ஒரு வழக்கறிஞர் கையெழுத்தோடு அங்குள்ள வெளியுறவுத் துறைக்குப் போய் வர வேண்டும். கூரியர், வழக்கறிஞர் கட்டணம் எல்லாம் சேர்த்தால் பயிற்சிக் கட்டணத்தையே தாண்டிவிடும். சில நிறுவனங்கள் இதையும் தாங்களே செய்து அனுப்புகின்றன. சேரும் முன்பே அதைக் கேளுங்கள்.

ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் இரண்டு வருடம் செல்லும். கல்லூரியில் எழுதிய பழைய மதிப்பெண்ணோடு கிளம்பி விடாதீர்கள்.

அனுபவக் கடிதத்தையும் இப்போதே வாங்குங்கள். வியட்நாமில் 2025 ஆகஸ்ட் 7 முதல் நடைமுறையில் உள்ள 219-ஆம் எண் ஆணையின்படி, நிபுணர் என்ற வகையில் பணி அனுமதி கேட்பவருக்குப் பட்டத்தோடு பொருத்தமான இரண்டு வருட அனுபவமும் வேண்டும். முன்பு மூன்று வருடமாக இருந்தது. "அவர் இங்கே நன்றாக வேலை செய்தார்" என்ற ஒற்றை வரி உதவாது. பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, என்ன கற்பித்தீர்கள் என்பது எல்லாம் நிறுவனத் தாளில் இருக்க வேண்டும்.

போலீஸ் சான்றிதழ் கடைசியில்

காலாவதி ஆகாததை முதலில் முடியுங்கள், ஆவதைக் கடைசியில். பட்டம் என்றும் பட்டம்தான், அதன் முத்திரைகளைச் சாவகாசமாக வாங்கலாம். போலீஸ் கிளியரன்ஸ் ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்துதான் நான் ஒரு மாதத்தை இழந்தேன். ஆர்வக் கோளாறில் முதல் வாரமே போலீஸ் சான்றிதழை வாங்கிவிட்டேன். பட்டம் வந்து சேர்ந்தபோது அதன் ஆயுள் முடியப் போகிறது. மறுபடியும் விண்ணப்பம், மறுபடியும் 500 ரூபாய், மறுபடியும் தெருமுனையில் ஏட்டையா வந்து அக்கம்பக்கத்தில் என்னைப் பற்றி விசாரிப்பது.

பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். உள்ளூர்க் காவல் நிலையத்தில் எழுதி வாங்கும் நன்னடத்தைச் சான்று இதற்குச் செல்லாது. பாஸ்போர்ட் அலுவலகம் தருவது மத்திய அரசின் காகிதம் என்பதால் மாநில முத்திரை வேண்டாம், நேராக வெளியுறவு அமைச்சகம், பிறகு தூதரகம்.

அங்கே போய் இறங்கிய பிறகு

மொழிபெயர்ப்பை இங்கேயே செய்துவிடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். எல்லா முத்திரையும் ஏறிய பிறகு, வியட்நாமிலேயே நோட்டரி அலுவலகத்தில் வியட்நாமிய மொழிக்கு மாற்றிச் சான்றொப்பம் வாங்க வேண்டும், ஏனென்றால் முத்திரைகளையும் சேர்த்து மொழிபெயர்ப்பார்கள். வந்த மொழிபெயர்ப்பில் உங்கள் பெயரை மட்டுமாவது எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். எனக்கு அப்பாவின் பெயரைப் பாடப்பிரிவின் பெயராக நினைத்து எழுதியிருந்தார்கள்.

மருத்துவப் பரிசோதனையை அனுமதி பெற்ற மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும், எந்த மருத்துவமனை என்று வேலை தருபவர் சொல்வார். புகைப்படம் 4-க்கு 6 சென்டிமீட்டர், வெள்ளைப் பின்னணி. நம்மூர் ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் சைஸ் இருபது எடுத்துக்கொண்டு போனேன், ஒன்றுகூடப் பயன்படவில்லை.

பணி அனுமதிக்கு விண்ணப்பிப்பது உங்கள் பொறுப்பு இல்லை, வேலை தருபவருடையது. 2025 மார்ச்சில் தொழிலாளர் அமைச்சகத்தை உள்துறை அமைச்சகத்தோடு இணைத்துவிட்டதால் பழைய கட்டுரைகளில் உள்ள அலுவலகப் பெயர்கள் பொருந்தாது. அனுமதி அதிகபட்சம் இரண்டு வருடம், ஒருமுறை இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கலாம். அது கைக்கு வந்த பிறகே வேலை விசாவும் வசிப்பிட அட்டையும். அனுமதியில் உள்ள நிறுவனத்தின் பெயரைப் பாருங்கள். அது ஒரு மையத்தின் பெயரில் இருக்கும்போது, மாலையில் இன்னொரு மையத்தில் வகுப்பெடுக்கச் சொன்னால் அதற்குத் தனியாக ஏற்பாடு வேண்டும். அசல் பட்டத்தையும் பாஸ்போர்ட்டையும் பாதுகாப்புக்கு எங்களிடமே இருக்கட்டும் என்றால், காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அதை வாய்விட்டுக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

ஏஜென்ட் வேண்டுமா?

முத்திரைகளுக்கு மட்டும் ஒரு சேவை நிறுவனத்தைப் பிடிப்பதில் தவறில்லை. வெளியூரில் இருப்பவர்களுக்கு அது பயணச் செலவை மிச்சப்படுத்தும். ஒவ்வொரு முத்திரைக்கும் அரசுக் கட்டணம் எவ்வளவு, உங்கள் கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

வேலையே வாங்கித் தருகிறேன் என்பவர் விஷயம் வேறு. இந்தியாவில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். வேலைக்குப் போகிறவரிடம் அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் என்று உச்சவரம்பு இருக்கிறது. இரண்டு லட்சம் கேட்பவர் எதற்குக் கேட்கிறார் என்று யோசியுங்கள். தாய்லாந்தில் வேலை என்று அழைத்துப் போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவடியில் இணைய மோசடிக் கூடாரங்களில் அடைக்கப்பட்டு 2022-ல் மீட்கப்பட்டவர்களில் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். பட்டம், அனுமதி எதுவும் கேட்காமல் சம்பளத்தை மட்டும் அள்ளி வீசும் வேலை என்றால் அங்கே கரும்பலகை இருக்காது.

திரும்பி வரும்போது

இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வேலையை முடித்துக் கிளம்பும்போது அனுபவக் கடிதம் வாங்கினேன், பெட்டியில் வைத்தேன், வந்துவிட்டேன். அடுத்த வருடம் வேறொரு நாட்டுக்கு விண்ணப்பித்தபோது அந்தக் கடிதத்துக்கு முத்திரை கேட்டார்கள். அது பிறந்தது வியட்நாமில், நான் இருந்தது திருச்சியில். பழைய சக ஆசிரியை ஒருத்தியைக் கெஞ்சி, கூரியரில் அனுப்பி, அவள் இரண்டு அலுவலகம் அலைந்து திருப்பி அனுப்ப ஏழு வாரம் ஆனது. கடைசிச் சம்பளம் வாங்கும் வாரத்திலேயே அனுபவக் கடிதம், பணி அனுமதியின் நகல், அங்கே இருந்த காலத்துக்கான அந்நாட்டுப் போலீஸ் சான்றிதழ் மூன்றையும் வாங்கி, அங்கேயே முத்திரையிட்டு எடுத்துக்கொண்டு விமானம் ஏறுங்கள்.